கோடு மாறியது... பார்பரா ஜெயித்தார்!



இந்த வாரம் உங்களுக்கு ஒரு தேர்தல் கதை சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் நடந்த உண்மைக் கதை. அதற்கு முன்னால், என் வகுப்பறையில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். வகுப்பில் 40 பேர். அவர்களில் 28 பேர் ஊருக்குள் இருந்து வருபவர்கள். மற்ற 12 பேர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பிலிருந்து நடந்து வருபவர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்புத் தலைவர், துணைத் தலைவர், சுகாதாரத் தலைவர் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொரு பதவிக்கும் மொத்த வகுப்பும் கை தூக்கும். எண்ணிப் பார்த்து அறிவிப்பேன். ஒவ்வொரு வருடமும் மூன்று பேருமே ஊருக்குள் இருந்து வருபவர்கள்தான்.

ஒரு வருடம், ஏரிக்கரைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், நாங்க 12 பேரும் மூணு தடவை கை தூக்கினோம். மூணு தடவையும் தோத்துட்டோம். நாங்க நடந்து வர்றதுக்குள்ள பானைத் தண்ணி தீர்ந்துடுது. அதைக் கேக்க எங்க பக்கம் ஒருத்தர் கூட இல்லை. எங்க கைக்கு என்ன சார் மதிப்பு?" என்று கேட்டான்.

"தேர்தல்னா பெரும்பான்மைதானப்பா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் சரியில்லை என்பது எனக்கே தெரிந்தது. சரியான பதிலைப் பிறகு ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றில் படித்தேன். அவர் பெயர் பார்பரா ஜோர்டான்.

மாநில செனட் என்றால்...

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. நெப்ராஸ்கா என்ற ஒரே ஒரு மாநிலத்தைத் தவிர, மற்ற 49 மாநிலங்களிலும் சட்டமன்றத்தில் இரண்டு அவைகள். மேலவைக்கு செனட் என்று பெயர். (தலைநகர் வாஷிங்டனில் இருப்பது நாடு முழுவதற்குமான செனட். அது வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

டெக்ஸாஸ் மிகப் பெரிய மாநிலம். அதன் தலைநகர் ஆஸ்டின். அங்குள்ள மாநில செனட்டில் 31 உறுப்பினர்கள். மாநிலத்தை 31 தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். பள்ளிக்கூடம், சாலை, வரி, கூலி எனத் தினசரி வாழ்க்கையைத் தொடும் பல சட்டங்கள் இந்த மாநில சட்டமன்றங்களில்தான் பிறக்கின்றன.

சாப்பாட்டு மேஜை வக்கீல்

பார்பரா 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ல், டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரில் பிறந்தார். கருப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த 'ஐந்தாம் வார்டு' அவரது பகுதி. அப்பா பெஞ்சமின் தேவாலயத்தில் போதகர். ஒரு கிடங்கிலும் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் டெக்ஸாஸில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கருப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி! பார்பரா படித்தது பிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியில். ஒருநாள் ஈடித் சாம்ப்சன் என்ற கருப்பினப் பெண் வழக்கறிஞர் அந்தப் பள்ளிக்கு வந்து பேசினார். அந்தப் பேச்சைக் கேட்ட பார்பரா, 'நானும் வக்கீல் ஆவேன்' என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார்.

கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் பரிசுகளைக் குவித்தார். பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1959-ல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியவரிடம் தனியாக அலுவலகம் வைக்கப் பணம் இல்லை. அதனால் என்ன? அப்பா, அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையே அவருடைய வக்கீல் அலுவலகம் ஆனது!

இரண்டு தோல்விகள்

1962-ல் பார்பரா டெக்ஸாஸ் சட்டமன்றத்தின் கீழவைக்குப் போட்டியிட்டார். கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். 1964-ல் மறுபடியும் நின்றார். மறுபடியும் தோல்வி.

ஏன் தோற்றார்? ஐந்தாம் வார்டு மக்கள் அவரைக் கைவிட்டுவிட்டார்களா? இல்லவே இல்லை! அவர்கள் அவருக்கே வாக்களித்தார்கள்.

காரணம் வேறு. ஹூஸ்டன் இருப்பது ஹாரிஸ் கவுன்டியில். கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. அந்தக் கவுன்டிக்குக் கீழவையில் பல இடங்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்காகக் கவுன்டியைப் பல தொகுதிகளாகப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் மொத்தக் கவுன்டியுமே வாக்களித்தது. என் வகுப்பில் நடந்ததைப் போலவே!

1960 கணக்கெடுப்பின்படி ஹாரிஸ் கவுன்டியின் மக்கள்தொகை 12,43,158. அதில் கருப்பின மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு மக்கள் இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு இடமாவது கிடைக்க வேண்டாமா? ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஐந்துக்கு நான்கு என்று அவர்கள் அமுங்கிப் போனார்கள்.

செனட்டிலோ நிலைமை இன்னும் மோசம். எவ்வளவு பெரிய கவுன்டியானாலும் அதற்கு ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்று மாநில அரசியலமைப்பில் விதி இருந்தது. சரி, ஒரு கணக்குப் போடுவோம். 1960-ல் டெக்ஸாஸ் மக்கள்தொகை 95,79,677. அதை 31 ஆல் வகுத்தால், ஒரு செனட்டருக்குச் சுமார் 3 லட்சத்து 9 ஆயிரம் பேர். அப்படியானால் 12 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஹாரிஸ் கவுன்டிக்கு எத்தனை செனட்டர்கள் வேண்டும்? நான்கு! கிடைத்தது ஒன்றே ஒன்று.

மரங்களுக்கு ஓட்டு உண்டா?

இதே அநியாயம் வேறு பல மாநிலங்களிலும் இருந்தது. அலபாமா மாநிலத்தைப் பாருங்கள். அங்கே ஜெஃபர்சன் கவுன்டியில் 6,34,864 பேர். லவுண்டஸ் கவுன்டியில் 15,417 பேர். மாநில செனட்டில் இரண்டுக்கும் தலா ஒரே ஒரு உறுப்பினர்! வகுத்துப் பாருங்கள். லவுண்டஸில் ஒருவர் போட்ட ஓட்டு, ஜெஃபர்சனில் 41 பேர் போட்ட ஓட்டுக்குச் சமமாகிறது.

எப்படி இந்த நிலை வந்தது? பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று அலபாமா அரசியலமைப்பே சொல்லியிருந்தது. ஆனால் 1901-க்குப் பிறகு யாரும் திருத்தவில்லை. மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கோடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய கோட்டால் பதவி பெற்றவர்களுக்கு அதை மாற்ற மனம் வருமா?

ஜெஃபர்சன் கவுன்டியைச் சேர்ந்த சில வாக்காளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1964ஆம் ஆண்டு ஜூன் 15-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாநில சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் தொகுதிகள் கூடிய மட்டும் சமமான மக்கள்தொகை கொண்டவையாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. சட்டமன்ற உறுப்பினர்கள் பிரதிநிதியாக இருப்பது மக்களுக்குத்தான். மரங்களுக்கோ ஏக்கர் கணக்கான நிலங்களுக்கோ அல்ல என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் அதில் எழுதினார். 'ஒருவருக்கு ஒரு வாக்கு. ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு' என்ற கொள்கை நிலைபெற்றது.

மூன்றாவது முறை

இந்தத் தீர்ப்பின் அலை டெக்ஸாஸையும் தொட்டது. 'ஒரு கவுன்டிக்கு ஒரு செனட்டருக்கு மேல் கூடாது' என்ற விதி செல்லாது என்று 1965-ல் ஒரு நீதிமன்றம் அறிவித்தது. தொகுதிகள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. ஹாரிஸ் கவுன்டிக்குள்ளேயே பல செனட் தொகுதிகள் உருவாயின. அவற்றில் ஒன்று 11-வது தொகுதி.

பார்பரா அந்தத் தொகுதியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். முந்தைய இரண்டு தேர்தல்களிலும் தனக்கு வாக்களித்த பகுதிகள் பலவும் அதற்குள் இருந்தன! கருப்பின மக்களோடு, மெக்சிகோ வம்சாவளியினரும், தொழிற்சங்கங்களில் இருந்த வெள்ளைத் தொழிலாளர்களும் அங்கே வாழ்ந்தார்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை டெக்ஸாஸில் ஓட்டுப் போட வேண்டுமானால் வரி கட்ட வேண்டும்! ஆண்டுக்கு ஒன்றரை டாலர் முதல் ஒன்றே முக்கால் டாலர் வரை. அன்றாடக் கூலிக்காரர்களுக்கு அது பெரிய தொகை. மாநிலத் தேர்தல்களுக்கான அந்த வரியும் 1966-ல் நீதிமன்றத்தால் ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையைத் தடுக்கக் கூடாது என்ற வாக்குரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது.

1966-ல் பார்பரா மூன்றாவது முறையாகப் போட்டியிட்டார். இம்முறை மாநில செனட்டுக்கு. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்!

அதே பார்பரா. அதே ஐந்தாம் வார்டு மக்கள். அதே ஓட்டு. மாறியது கோடு மட்டும்தான்.

1883-க்குப் பிறகு டெக்ஸாஸ் செனட்டில் ஒரு கருப்பினத்தவர் கூட இருந்ததில்லை. 80 ஆண்டுகளுக்கும் மேலான அந்த இடைவெளியை முடித்துவைத்தார் பார்பரா. டெக்ஸாஸ் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கருப்பினப் பெண்ணும் அவரே.

அவைக்குள் ஒரு குரல்

ஒரே ஒருவர் உள்ளே போய் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்கிறீர்களா?

தொகுதிகள் புதிதாகப் பிரிக்கப்பட்டதால், யாருக்கு இரண்டு ஆண்டு, யாருக்கு நான்கு ஆண்டு என்று செனட்டர்களுக்குள் சீட்டுப் போட்டார்கள். பார்பராவுக்கு விழுந்தது இரண்டு ஆண்டுச் சீட்டு. கிடைத்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. செனட்டின் விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தார். அப்போதிருந்த நடைமுறைப்படி, ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். அதாவது 31 பேரில் 21 பேர். அப்படியானால் 11 பேர் சேர்ந்தால் எந்த மசோதாவையும் நிறுத்திவிடலாம்! வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதைக் கடினமாக்கும் ஒரு மசோதா வந்தபோது, பார்பரா ஒவ்வொரு உறுப்பினராகச் சந்தித்துப் பேசினார். பத்துப் பேரின் வாக்குறுதியைப் பெற்றார். அவரையும் சேர்த்தால் 11. மசோதா அப்படியே நின்றுபோனது!

1968-ல் மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். டெக்ஸாஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1969-ல் நிறைவேறப் பாடுபட்டார். மத்திய அரசின் கூலிச் சட்டத்தில் விடுபட்டுப்போன விவசாயக் கூலிகள், சலவைத் தொழிலாளர்கள் போன்றவர்களுக்காக வந்த சட்டம் அது. அவர்களுடைய வீடுகளில் என்ன கஷ்டம் என்று ஐந்தாம் வார்டுப் பெண்ணுக்குத் தெரியாதா?

1972-ல் சக செனட்டர்களே அவரைச் செனட்டின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவியில் இருப்பவரை ஒருநாள் ஆளுநர் ஆக்கிக் கௌரவிப்பது டெக்ஸாஸ் வழக்கம். ஜூன் 10-ல் பார்பரா அந்த நாற்காலியில் அமர்ந்தார். அந்த விழாவைக் காண வந்த அப்பா பெஞ்சமினுக்கு அன்றே உடல்நிலை மோசமானது. மறுநாள் காலமானார். மகள் ஆளுநராக அமர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தந்தை கண் மூடினார்.

அதே ஆண்டு பார்பரா நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார். 1974-ல் அதிபர் நிக்சன் மீதான விசாரணையின்போது அவர் ஆற்றிய உரையை நாடே தொலைக்காட்சியில் கேட்டது. 'மக்களாகிய நாம்' என்று தொடங்கும் அரசியலமைப்பு எழுதப்பட்டபோது, அந்த 'நாம்' என்ற சொல்லில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் இருக்கவில்லை. திருத்தங்களாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் பிறகுதான் உள்ளே வந்தோம் என்று அவர் அன்று சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு தோல்விகளும் ஒரு கோடும் இருந்தது உங்களுக்கு இப்போது புரியும்.

1979 முதல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஆம், எங்களைப் போல் வாத்தியார் ஆகிவிட்டார்! 1996ஆம் ஆண்டு ஜனவரி 17-ல் மறையும்வரை கற்பித்தார்.

செய்து பாருங்கள்!

கோடு மாறினால் முடிவு மாறுமா என்று சந்தேகமா? 9 புளியங்கொட்டை, 6 சோழி எடுத்துக்கொள்ளுங்கள். சோழி இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் போதும். தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைக் கட்டம் போடுங்கள். மொத்தம் 15 கட்டங்கள்.

முதல் வரிசையில் ஐந்தும் சோழி. இரண்டாம் வரிசையில் முதல் கட்டத்தில் சோழி, மற்ற நான்கில் புளியங்கொட்டை. மூன்றாம் வரிசையில் ஐந்தும் புளியங்கொட்டை.

இப்போது இதை மூன்று தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். தொகுதிக்கு ஐந்து கட்டம். ஒரு தொகுதியின் கட்டங்கள் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஒட்டி இருக்க வேண்டும். தொகுதியில் எது அதிகமோ அதற்கே வெற்றி.

வரிசைக்கு ஒரு தொகுதி என்று பிரித்தால் சோழிக்கு 1 இடம், புளியங்கொட்டைக்கு 2 இடம். 15-ல் 6 சோழி. ஆகவே இது நியாயமாகத்தான் தெரிகிறது.

உங்களுக்கு இரண்டு சவால்கள்:

1. சோழிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காதபடி கோடு போடுங்கள்.

2. குறைவாக இருக்கும் சோழி 2 இடங்களைப் பிடிக்கும்படி கோடு போடுங்கள்.

காய்களை நகர்த்தக் கூடாது! விடை கடைசியில்.

பல்லித் தொகுதி

இந்த இரண்டாவது வித்தையை 1812-லேயே செய்து காட்டிவிட்டார்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தில், ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாக மாநில செனட் தொகுதிகளை வளைத்து நெளித்துப் பிரித்தது. ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி அதில் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி, பல்லியைப் போன்ற உருவம் கொண்ட சாலமாண்டர் என்ற பிராணியைப் போல இருந்தது. ஒரு பத்திரிகை அதற்கு நகமும் இறக்கையும் வரைந்து கேலிச்சித்திரம் வெளியிட்டது. கெர்ரியையும் சாலமாண்டரையும் சேர்த்து 'கெர்ரிமாண்டர்' என்று பெயர் வைத்தது. தொகுதிகளைத் தந்திரமாகப் பிரிப்பதற்கு இன்றுவரை அதுதான் பெயர்!

அந்தத் தேர்தலின் முடிவைப் பாருங்கள். எதிர்க்கட்சிக்கு 51,766 ஓட்டு; கிடைத்த செனட் இடம் 11. கெர்ரியின் கட்சிக்கு 50,164 ஓட்டு. கிடைத்த இடம் 29!

ஆக, கோடு என்பது கத்தி போன்றது. அமுங்கிக் கிடந்தவர்களுக்குக் குரல் கொடுக்கவும் அதனால் முடியும். குரலைப் பறிக்கவும் முடியும். அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் கோடுகளைத் திருத்துகிறார்கள். பல மாநிலங்களில் சட்டமன்றமே அதைச் செய்கிறது. 'போட்டியாளரே நடுவராக இருக்கலாமா?' என்று கேட்ட கலிபோர்னியா மக்கள், 2008-ல் வாக்களித்து, மாநில சட்டமன்றக் கோடு போடும் பொறுப்பைப் பொதுமக்கள் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த 12 பேர் என்ன ஆனார்கள்?

பார்பராவின் கதையைப் படித்த அடுத்த ஜூனில், என் வகுப்பில் தேர்தல் முறையை மாற்றினேன். 40 பேரையும் பத்துப் பத்துப் பேராக நான்கு குழுக்களாகப் பிரித்தேன். குழுவுக்கு ஒரு தலைவர். உட்காருவது எப்போதும்போல் கலந்துதான். ஓட்டுப் போடுவதற்கு மட்டும் குழு.

முதலில், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிரித்துப் பார்த்தேன். ஏரிக்கரைப் பிள்ளைகள் குழுவுக்கு மூன்று பேராகச் சிதறிப் போனார்கள். நான்கு குழுவிலும் தோல்விதான்! தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கு வருகிறார்கள் என்று பார்த்துக் குழு பிரித்தேன்.

அந்த வருடம் நான்கு தலைவர்களில் ஒருத்தி ஏரிக்கரைச் சிறுமி. அவள் முதல் கூட்டத்திலேயே எழுந்து, "தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரு பானை தனியா வேணும் சார்" என்றாள். மற்ற மூன்று தலைவர்களும், "ஆமா சார், வைக்கலாம்" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் கேள்வி கேட்ட பையன் அப்போது எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தான். அவனைக் கூப்பிட்டு இரண்டாவது பானையைக் காட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுச் சிரித்தான். நான் அவனுக்குத் தர வேண்டியிருந்த பதில் அதுதான்.

துணுக்குகள்

* மாநில செனட்டுகளில் மிகச் சிறியது அலாஸ்கா: 20 உறுப்பினர்கள். மிகப் பெரியது மினசோட்டா: 67 உறுப்பினர்கள்.

* 2020 கணக்கெடுப்பில் டெக்ஸாஸ் மக்கள்தொகை 2,91,45,505. அந்தக் கணக்கின்படி ஒரு மாநில செனட்டருக்குச் சுமார் 9 லட்சத்து 40 ஆயிரம் பேர்!

* நம் தமிழ்நாட்டிலும் சட்ட மேலவை இருந்தது. 1986-ல் அது கலைக்கப்பட்டது.

சவாலுக்கு விடை

சவால் 1: முதல் தொகுதி - முதல் வரிசையில் 1, இரண்டாம் வரிசையில் 1, 2, மூன்றாம் வரிசையில் 1, 2. இரண்டாம் தொகுதி - முதல் வரிசையில் 2, 3. இரண்டாம் வரிசையில் 3, 4. மூன்றாம் வரிசையில் 3. மீதி ஐந்தும் மூன்றாம் தொகுதி. ஒவ்வொன்றிலும் சோழி 2, புளியங்கொட்டை 3.

சவால் 2: முதல் தொகுதி - முதல் வரிசையில் 1, 2, இரண்டாம் வரிசையில் 1, 2, மூன்றாம் வரிசையில் 1. இரண்டாம் தொகுதி - முதல் வரிசையில் 3, 4, 5. இரண்டாம் வரிசையில் 4, 5. இந்த இரண்டிலும் சோழி 3, புளியங்கொட்டை 2. மீதி ஐந்தும் புளியங்கொட்டை.